காதுவலிக்குக் கிள்ளான் ரயில்

எனக்கு எட்டு வயது நடக்கும்போது என் இடது காது திடீரென்று எங்கள் வரிசை முழுவதற்கும் பொதுச் சொத்தாகிவிட்டது.

வரிசை என்பது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள். ஒரே நீளக் கூரையின் கீழ் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தோம். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். அவர் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேன். தாய் தகப்பன் போனபிறகு அவரை அம்மாதான் வளர்த்தாள், கப்பலேறி வந்தபோது கையோடு கூட்டியும் வந்தாள். அதனால் மாமா இருபத்தைந்து வயதிலும் அம்மாவுக்கு முன்னால் பத்து வயதுப் பையனைப்போலத்தான் நிற்பார்.

மழைக்காலத்தில் வீடுகளுக்குப் பின்னால் இருந்த கால்வாய் நிரம்பி ஓடியது. வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் அதில் குதித்தோம். மற்றவர்களுக்குச் சளி பிடித்தது, எனக்குக் காது பிடித்தது. மூன்றாம் நாள் உள்ளே யாரோ கோணி ஊசியால் தைப்பதுபோலக் குத்தல். நான் போட்ட சத்தத்தில் முதலில் ஓடிவந்தவர் பக்கத்து வீட்டு அம்மாள். ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி, யாழ்ப்பாணத்துக்காரர்.

“பிள்ளைக்குக் காது நோகுதோ? நல்லெண்ணெயில உள்ளியைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில ரெண்டு துளி விடுங்கோ. பொழுது படமுதல் சுகம் வந்திடும்.”

அம்மா திருநெல்வேலிக்குத் தெற்கே பிறந்தவள். அவள் ஊரில் உள்ளி என்றால் சின்ன வெங்காயம். அப்படியே காய்ச்சி ஊற்றினாள். சாயங்காலம் விசாரிக்க வந்த அந்த அம்மாள் என் தலைமாட்டில் குனிந்து மூக்கைச் சுளித்தார். “இதென்ன, வெங்காயம் மணக்குது?” என்றார். அவர் ஊரில் உள்ளி என்றால் பூண்டாம். அரைமணி நேரம் இரண்டு பேரும் இரண்டு ஊர்களையும் பற்றிப் பேசி முடித்துவிட்டு, பூண்டைக் காய்ச்சி அதையும் ஊற்றினார்கள்.

மறுநாள் சிக்னல்காரர் மனைவி கைக்குழந்தையோடு வந்தாள். தாய்ப்பாலுக்கு மிஞ்சியது உண்டா என்று கேட்டு என்னை மடியில் சாய்த்து இரண்டு சொட்டுப் பீய்ச்சிவிட்டாள். தனக்கு உரியது வேறொரு காதுக்குள் போவதைப் பார்த்த குழந்தை என் முகத்தில் உதைத்தது. அதற்கும் மறுநாள் துளசிச் சாறு. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து காலையும் மாலையும் ஒத்தடம். கடைசி வீட்டுக்காரர் ஒரு வெற்றிலையை வாட்டிப் பிழிந்தார். அந்த ஒரு வாரத்தில் என் காது குடித்ததை நான் ஒரு மாதத்தில் குடித்திருக்க மாட்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெரிய திருவிழாவாக இருந்தது. வலி வரும், போகும். ஆனால் யாராவது கிண்ணத்தோடு வந்துகொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூடம் கிடையாது. பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்று, இன்றைக்கு என்ன ஊற்றப்போகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு சொட்டு விழும்போதும் அவர்களுக்காகவே கொஞ்சம் கூடுதலாகத் துடித்துக் காட்டினேன்.

எட்டாம் நாள் காலையில் தலையணை நனைந்திருந்தது. காதிலிருந்து மஞ்சளாக ஏதோ வடிந்து, கழுத்தெல்லாம் நாற்றம். அம்மா இடப்பக்கம் நின்று பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. “என்ன?” என்று நான் இரண்டு முறை கேட்டதும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

அப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். எங்கள் வரிசையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் நடந்து திரும்பியவர்களை அம்மா அதிகம் பார்த்ததில்லை. அவள் மாட்டேன் என்றாள். பேச்சு முற்றியது. மாமா சோற்றுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

“கிள்ளான்ல ஒருத்தவங்க இருக்காங்க அக்கா. காது பார்க்கிறவங்க. போன மாசம் எஞ்சின்ல நெருப்புத் தூசி பறந்து என் காதுல விழுந்துச்சே, அவங்கதான் எடுத்துவிட்டாங்க.”

“கைராசிக்காரியா?”

“ரொம்ப.”

“வயசானவளா இருப்பாளே. கண்ணு நல்லா தெரியுமா?”

“அதெல்லாம் நல்லா தெரியும்,” என்றார் மாமா. கேட்ட இரண்டில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னதை அம்மா கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு ஓய்வு. ரயில்வேக்காரர் என்பதால் அவருக்குப் பாஸ் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கால்வாய்க்கு அப்பால் தண்டவாளம் ஓடியும், நான் அதுவரை ரயிலில் ஏறியதே இல்லை. அன்று காலை அம்மா என் காதில் பஞ்சை அடைத்து, தலையைச் சுற்றித் துண்டைக் கட்டி அனுப்பினாள். வலி எங்கேயோ போய்விட்டது. மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அன்று அவருடைய சட்டை இஸ்திரி போட்டிருந்தது, தலையில் எண்ணெய் மினுங்கியது. வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள் இப்படித்தான் போகவேண்டும்போல என்று நினைத்தேன்.

மூன்றாம் வகுப்புப் பெட்டி. கூடையில் வாத்துகளோடு ஒரு சீனர், எதிரில் ஒரு மலாய்க்கார அம்மா, ஜன்னலோரம் சுருட்டோடு ஒரு தமிழர். வண்டி குலுங்கிப் புறப்பட்டது. எங்கள் வரிசையின் பின்பக்கம் ஓடி மறைந்தது. கொடியில் அம்மாவின் சேலையைப் பார்த்துக் கத்தினேன். மாமா சிரித்தார்.

என் தலைக்கட்டைப் பார்த்த மலாய்க்கார அம்மா, “சகிட் தெலிங்கா?” என்று தன் காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டார். மாமா ஆமாம் என்று தலையாட்டினார். போதும், என் காது அந்தப் பெட்டிக்கும் சொந்தமாகிவிட்டது. மலாய்க்கார அம்மா ஏதோ ஓதி என் நெற்றியில் ஊதினார். சீனர் இடுப்பிலிருந்து ஒரு சின்னத் தைலப் புட்டியை எடுத்து நீட்டினார். சுருட்டுக்காரர், “அதெல்லாம் வேணாம் தம்பி, புகைதான் சரி,” என்று எழுந்து வந்து, மாமா தடுப்பதற்குள் கட்டை விலக்கி என் காதுக்குள் புகையை ஊதிவிட்டார். எனக்கு ஒரே இருமல். புகை காதுக்குள் போனால் ஏன் வாயில் இருமல் வருகிறது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெட்டாலிங் தாண்டிவிட்டது.

பத்து தீகா, பாடாங் ஜாவா. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் ஓடின. கிள்ளானுக்கு முன்னால் ஆற்றுப் பாலம் வந்தது. வண்டி பாலத்தில் ஏறியதும் சத்தம் மாறி, தடதடவென்று இரும்பு முழங்கியது. கீழே மண் நிறத்தில் தண்ணீர், அதில் ஒரு தொங்காங் படகு. இடது காதில் அந்த முழக்கம் மெதுவாகவும் வலது காதில் பெரிதாகவும் கேட்டது. நான் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து கடைத்தெருவுக்குப் பின்னால் நடந்தோம். அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு சின்ன வீடு. வாசலில் ஒரு கிழவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். மாமா கும்பிட்டார். கிழவர், “என்ன?” என்றார். மாமா காதைக் காட்டினார். கிழவர், “என்ன?” என்றார். அவருக்குக் காதே கேட்காது. காது வைத்தியம் பார்க்கிற வீட்டில் இப்படி ஒருவரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளேயிருந்து வந்தவள் கிழவி இல்லை. பக்கத்து வீட்டு அக்காக்களைப்போல ஒரு அக்கா. இடியாப்பம் பிழிந்து கடைகளுக்குக் கொடுப்பவள், கையெல்லாம் மாவாக இருந்தது. மாமாவைப் பார்த்ததும் நின்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஒரு கைக்கண்ணாடியால் வெயிலைப் பிடித்து என் காதுக்குள் அடித்துப் பார்த்தாள். காதுக்குள் வெயில் போவது அவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

“என்னென்ன ஊத்தினீங்க?”

மாமா விழித்தார். நான் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். வெங்காய எண்ணெய், பூண்டு எண்ணெய், தாய்ப்பால், துளசி, வெற்றிலை. சுருட்டுப் புகையில் முடித்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமாவும் சிரித்தார். இருவரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

பிறகு அவள் ஒன்றும் ஊற்றவில்லை. கொதிக்கவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துணியைக் கிழித்து, விரலிடுக்கில் திரித்து, மெல்லிய திரியாக்கி, காதுக்குள் விட்டு மெதுவாக எடுத்தாள். திரி ஈரத்தோடு வந்தது. அதை எறிந்துவிட்டு இன்னொன்று. இப்படிப் பத்துப் பன்னிரண்டு திரிகள். ஒருமுறைகூட வலிக்கவில்லை.

“எண்ணெய் வேணாம், தண்ணி வேணாம், ஒண்ணும் ஊத்தாதீங்க. இப்படித் திரி வச்சு ஒரு நாளைக்கு நாலு தடவை ஈரத்தை எடுக்கணும். காது காயணும், அவ்வளவுதான். நான் கல்யாணத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற வேலையில இருந்தேன். அங்க பார்த்துப் பழகினது. அடுத்த ஞாயிறு கூட்டிட்டு வாங்க.”

கிளம்பும்போது அவள் நெற்றியைப் பார்த்துக் கேட்டேன். “நீங்க ஏன் பொட்டு வைக்கல அக்கா?”

அவள் என் கன்னத்தைத் தட்டினாள். “மறந்துபோச்சு,” என்றாள். மாமா சட்டென்று வாசலுக்குப் போய்விட்டார்.

ஊற்றாத வைத்தியத்தை வரிசை நம்பவில்லை. ரயிலேறிப் போய்ச் சும்மா துடைத்துவிட்டு வருவதா என்று எண்ணெய்க் கிண்ணங்களோடு வந்தவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மாவும் முதலில் தயங்கினாள். ஆனால் மூன்று நாளில் நாற்றம் நின்றது, ஐந்தாம் நாள் தலையணை நனையவில்லை. அம்மா கிள்ளான் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். “அந்தக் கிழவி மகராசியா இருக்கட்டும்,” என்றாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மாமா என் தட்டில் அப்பளம் வைத்தார்.

இரண்டாம் ஞாயிறும் போனோம். அதே வாத்துக்காரர்போல வேறொருவர், அதே பாலம், அதே முழக்கம். அக்கா எனக்குத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்ட சூடான இடியாப்பம் கொடுத்தாள். கிழவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. நான் கத்துவேன், அவர் வேறு எதற்கோ பதில் சொல்வார். நாங்கள் இருவரும் வாசலில் இப்படிப் பேசிக்கொண்டிருக்கையில் மாமா உள்ளே அடுப்புக்கு விறகு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். மூன்றாம் ஞாயிறு அக்கா திரியை விட்டு எடுத்தாள். அது வெள்ளையாகவே வந்தது. “காஞ்சுடுச்சு,” என்றாள். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குணமானதற்கு யாருமே சந்தோஷப்படவில்லை.

திரும்பும்போது பாலம் போனதுகூட மாமாவுக்குத் தெரியவில்லை. அந்த வாரம் மாமாவுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அம்மா பார்த்து வைத்திருந்த பெண்ணின் வீட்டார் எழுதியது. நல்ல குடும்பம், சம்மதமென்றால் அடுத்த கப்பலில் பதில் போடவேண்டும். அப்பா படித்துக் காட்டினார். அம்மா பூரித்துப்போய் மாமாவைப் பார்த்தாள். மாமா, “பார்ப்போம் அக்கா,” என்று எழுந்து போனார்.

சனிக்கிழமை, அம்மா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“காது எப்படி இருக்கு பாப்பா?”

“நல்லா இருக்கு.”

“கொஞ்சங்கூட வலிக்கலையா?”

அவர் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காது நன்றாக இருந்தால் ரயில் கிடையாது, பாலம் கிடையாது, இடியாப்பம் கிடையாது. இவ்வளவு பெரிய விஷயம் ஏன் முன்பே தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது.

“கொஞ்சம் வலிக்குது,” என்றேன்.

மாமாவின் முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஆயிற்று. “அம்மாகிட்ட சொல்லு,” என்றார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

நான்காம் ஞாயிறும் கிளம்பினோம். பொய் காதுக்குள் தெரியுமா என்பதுதான் என் பயம். அக்கா கண்ணாடியை எடுத்தாள், வெயிலை அடித்தாள், நெடுநேரம் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார். பிடிபட்டுவிட்டோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“உள்ள இன்னும் கொஞ்சம் இருக்கு,” என்றாள் அக்கா மெதுவாக. “இன்னும் ரெண்டு மூணு வாரம் வரணும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பொய்தானே சொன்னேன், உண்மையிலேயே இருக்கிறது என்கிறாளே. வாசலில் கிழவர், “என்ன?” என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் அப்படி ஆகப்போகிறது என்று தீர்மானித்துவிட்டேன். சாமி பொய்யைக் கேட்டு அதையே மெய்யாக்கிவிட்டார். அன்று பாலத்தின் மேல் போகும்போது ஒரு காதைப் பொத்தி மறு காதால் கேட்டுப் பார்த்தேன். வித்தியாசம் தெரிந்ததுபோலவும் இருந்தது, தெரியாததுபோலவும் இருந்தது. மாமாவோ ஜன்னலில் சாய்ந்து சீட்டியடித்துக்கொண்டு வந்தார். என் காது போகிறதே என்று அவருக்குக் கொஞ்சமும் கவலை இல்லை.

இரண்டு நாள் வலது காதைப் பொத்திக்கொண்டே திரிந்தேன். பட்டறைச் சங்கு கேட்கிறதா, சிக்னல்காரர் வீட்டுக் குழந்தை அழுவது கேட்கிறதா என்று சோதித்தேன். புதன்கிழமை தாங்க முடியவில்லை. அம்மா கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் மடியில் விழுந்து அழுதேன்.

“எனக்கு வலிக்கலம்மா. ரயில்ல போறதுக்காகப் பொய் சொன்னேன். ஆனா அந்த அக்கா உள்ள இன்னும் இருக்குன்னு சொல்லிட்டாங்க. எனக்குக் காது போயிடும்.”

அம்மா என்னைத் தூக்கி நிறுத்தினாள். “எந்த அக்கா?”

“காது பார்க்கிற அக்கா.”

“கிழவி இல்லையா?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். யாராவது கேட்கமாட்டார்களா என்று ஒரு மாதமாகக் காத்திருந்தவள்தானே. கண்ணாடி, வெயில், இடியாப்பம், கிழவர், விறகு எடுத்துக் கொடுக்கும் மாமா. அந்த அக்கா எவ்வளவு அழகு, எவ்வளவு நன்றாகச் சிரிப்பாள், பொட்டு வைக்க மட்டும் மறந்துவிடுவாள் என்பது வரைக்கும் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா கீரையைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கொடியில் மாமாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. “யார்கிட்டயும் சொல்லாத,” என்று மட்டும் சொன்னாள்.

ஐந்தாம் ஞாயிறு நானும் மாமாவும் புறப்பட்டபோது, அம்மா கல்யாணத்துக்கு உடுத்துகிற கண்டாங்கிச் சேலையில் வாசலில் நின்றாள்.

“நானும் வரேன் தம்பி. என் பிள்ளைக்கு இத்தனை செஞ்சவங்களை ஒரு தடவை பார்க்க வேணாமா?”

மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. அம்மாவோடு ரயில். பெட்டி முழுக்க அவளுக்கு நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். இது பெட்டாலிங், இப்போது ரப்பர் வரும், இதோ பாலம், இதோ இப்போது சத்தம் மாறும் பாருங்கள் என்றேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றையும் பார்க்கவில்லை. மாமா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அக்கா வாசலில் எங்களைப் பார்த்தாள். மூன்றாவது ஆள் யாரென்று சொல்லாமலே தெரிந்துகொண்டாள். “வாங்க அக்கா,” என்று பாயை விரித்தாள். என்னை ஜன்னலோரம் இழுத்துக் கண்ணாடியை எடுத்தாள். பழக்கம்தான்.

அம்மா கேட்டாள். “என் பிள்ளை காது எப்படி இருக்கு? உள்ளதச் சொல்லு.”

அக்கா கண்ணாடியைக் கீழே வைத்தாள். “ஆறிடுச்சு அக்கா. மூணாம் வாரமே ஆறிடுச்சு.”

“பிறகு ஏன் வரச் சொன்ன?”

அவள் குனிந்து பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். எனக்கோ பதில் தேவையே இல்லை. ஆறிவிட்டது, அதுவும் மூன்றாம் வாரமே. நான் எழுந்து குதித்தேன். அம்மா, “வெளிய போய் விளையாடு,” என்றாள்.

மாமா கிணற்றடியில் நின்றார். அவரிடம் ஓடினேன். “மாமா, எனக்குக் காது நல்லாயிடுச்சாம். செவிடாக மாட்டேன்.” அவர் என் தலையில் கையை வைத்தார், அவ்வளவுதான். இப்படி ஒரு நல்ல செய்திக்கு இவ்வளவு மோசமாக யாரும் முகம் காட்டி நான் பார்த்ததில்லை. கிழவர், “யாரு வந்திருக்கா?” என்றார். “எங்க அம்மா,” என்று கத்தினேன். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு நான் உள்ளே எட்டிப் பார்த்தபோது அம்மா அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். அக்கா மாவைப் பிழிந்துகொண்டிருந்தாள், அம்மா தட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு வயசு என்ன?”

“இருபத்திரெண்டு.”

“எத்தனை வருஷமாச்சு?”

“அஞ்சு.”

ஐந்து வருடமாகக் காது வைத்தியம் பார்க்கிறாள் என்று நான் விளங்கிக்கொண்டேன். அவள் கண்ணில் புகை பட்டிருந்தது. அம்மா கண்ணிலும் பட்டிருந்தது.

வண்டிக்கு நேரமானதும் அம்மா வெளியே வந்தாள். கிழவர் விறகை விட்டுவிட்டு எழுந்து அவள் எதிரில் நின்றார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் சத்தம் தெரியாது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்தினார்.

“என் மகன் போய்ச் சேர்ந்துட்டான்மா. இவ எனக்காகத்தான் இங்க கிடக்குறா. போடின்னு நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீயாச்சும் சொல்லு.”

அம்மா கிட்டே போய் அவர் காதருகே வாயை வைத்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அவருக்குக் கேட்டதுபோல இருந்தது. ஒரு முறைகூட “என்ன?” என்று கேட்கவில்லை. படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் தெருவில் இறங்கியதும் அம்மா திரும்பினாள். அக்கா வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இந்தா பாரு,” என்றாள் அம்மா. “எனக்கும் இந்தப் பக்கம் காது ரெண்டு நாளா குத்துது. அடுத்த ஞாயிறு வரேன். நீதான் பார்க்கணும்.”

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா தெருவிலேயே நின்றுவிட்டார்.

என் காது ஆறிய சந்தோஷத்தை அரைமணி நேரம்கூட அனுபவிக்கவில்லை, அதற்குள் அது அம்மாவுக்குத் தொற்றிவிட்டது. ரயிலில் அவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, வலிக்கிறதா, ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அம்மா, “தாங்கிக்கலாம்,” என்றாள். எதிரில் மாமா அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார். கூடப்பிறந்தவளுக்குக் காது வலிக்கும்போது சிரிக்கிற தம்பியை அன்றுதான் பார்த்தேன். அவர்மேல் எனக்குக் கோபமாக வந்தது.

வீட்டில் அப்பாவுக்குச் சாப்பாடு போடும்போது அம்மா தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு அதில் பாதி கேட்கவில்லை. அப்பா நெடுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஊருக்கு எழுதவேண்டிய பதிலைப் பற்றி ஏதோ கேட்டார். பிறகு, “உனக்கு எந்தக் காது வலிக்குதுன்னு சொன்ன?” என்றார்.

“ரெண்டுந்தான்,” என்றாள் அம்மா.

“அப்ப நானும் வரேன்,” என்றார் அப்பா. “எனக்கும் பட்டறைச் சத்தத்துல ஒரு மாதிரியாத்தான் இருக்கு.”

தை மாதம் கிள்ளான் கோயிலில் பத்துப் பேர் கூடி அந்தக் கல்யாணம் நடந்தது. எனக்கு மாமியாகிவிட்ட அக்காவோடு கிழவரும் எங்கள் வரிசைக்கே வந்து சேர்ந்தார். ஊர்ப் பெண்ணை விட்டுவிட்டு இதென்ன காரியம் என்று வரிசையில் சிலர் அம்மாவோடு ஆறுமாதம் பேசவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவர்கள் பிள்ளைகளும் கால்வாயில் குதித்தார்கள், அவர்களுக்கும் காது வலித்தது, மாமியைத் தேடி அவர்களும் வந்தார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அடுத்த ஞாயிறு வரும்வரை அந்த ஒரு வாரம் முழுவதும் நான் அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தேன். துணியைக் கொதிக்கவைக்கச் சொல்லி, வெயிலில் காயப்போட்டு, அக்கா செய்ததுபோலவே கிழித்துத் திரித்தேன். ஒரு நாளைக்கு நான்கு முறை அம்மாவைப் பிடித்து உட்காரவைத்தேன். அவள் என்ன வேலையில் இருந்தாலும் மறுபேச்சில்லாமல் வந்து, என் மடியில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு காதைக் காட்டினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரியை உள்ளே விட்டு மெதுவாக எடுப்பேன். ஒவ்வொரு முறையும் அது காய்ந்தே வந்தது. நோய் ரொம்ப ஆழத்தில் இருக்கிறது, என் திரி அங்கே எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.